ஆயிரம் பேர் அனுப்பினால்

கிளாருஸ்,
மே மாதம், இரண்டாம் வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போன மாதம் நான் தொலைபேசியை வைத்த விதம் சரியில்லை. மறுபடி அழைத்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுவிஸ் அரசு வெளிநாட்டவர் எல்லோருக்கும் வீடு இலவசமாகக் கொடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பியிருந்தீர்கள். பொய் என்றேன். "பொய்யென்றால் இத்தனை ஆயிரம் பேர் ஏன் அனுப்புகிறார்கள்?" என்று கேட்டீர்கள். அன்று கோபம் வந்தது. பிறகு இங்கே சில காரியங்களைப் பார்க்கப் பார்க்க, உங்கள் கேள்வியேதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது.

மே மாத முதல் ஞாயிறு இங்கே லாண்ட்ஸ்கெமைண்டே. இந்தக் கன்டோனின், அதாவது மாநிலத்தின், குடிமக்கள் திடலில் கூடி, சட்டத்தையும் வரி விகிதத்தையும் கை தூக்கி முடிவு செய்யும் நாள். 1387 முதல் நடக்கிறது என்கிறார்கள். எனக்கு இன்னும் குடியுரிமை இல்லை என்பதால் வேலிக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றேன். மேடையில் லாண்டம்மான், அதாவது கன்டோனின் தலைவர், ஒரு வாளைப் பிடித்தபடி நிற்கிறார். பேச வருகிறவர்கள் கூட்டத்தை "பெரும் நம்பிக்கைக்குரிய அன்பான சக குடிமக்களே" என்றுதான் அழைக்கிறார்கள். அடுத்த நிமிடம் அதே சக குடிமக்களைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

வாக்குச் சீட்டுகளை உயர்த்தியதும் லாண்டம்மான் ஒரு பார்வை பார்க்கிறார். எண்ணுவது கிடையாது. எந்தப் பக்கம் அதிகம் என்று கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். சந்தேகமென்றால் மறுபடி தூக்கச் சொல்கிறார், அமைச்சர்களையும் பக்கத்தில் அழைத்துப் பார்க்கச் சொல்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான். 2006இல், 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு கேட்டதாம். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, மூன்று போதும் என்றாராம். கைகள் மூன்றுக்கே உயர்ந்தன. 2011 முதல் மூன்றுதான்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கடன் கொடுத்தவனும் முதலாளியும் பக்கத்தில் நிற்கும்போது யாருக்குக் கை தூக்கத் துணிச்சல் வரும்? இதைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். நெசவாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்கு வந்தது 1971இல். அதுவரை என் கையை யாரும் கை என்றே எண்ணவில்லை. இப்போது யார் பார்த்தால் எனக்கென்ன?" என்றார். கூட்டத்துக்கு முன் வீட்டுக்கு வரும் விவரப் புத்தகத்தைக் காட்டினார். பாதிப் பக்கங்களில் பென்சில் கோடு, ஓரத்தில் கேள்விக்குறிகள், ஓரிடத்தில் காபிக் கறை.

அவர்தான் வியாழக்கிழமை மாலை தேவாலய மண்டபத்தில் நடந்த கலந்துரையாடலுக்கு என்னை இழுத்துப் போனார். முப்பது பேர் இருப்போம், வட்டமாக நாற்காலிகள். ஒன்றாக வாழ எந்த அளவுக்கு ஒரே உண்மையை நம்ப வேண்டும் என்பது பேச்சு. ஓர் இளைஞர் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பை எடுத்தார். திருமணமானவர்களுக்குக் கூடுதல் வரி விழுவதை நீக்கும் யோசனைக்கு 50.8 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். இருவரும் சம்பாதிக்கும் தம்பதிகளில் சுமார் 80,000 தம்பதிகளுக்குத்தான் பாதிப்பு என்று அரசு சொல்லியிருந்தது. பிறகு பார்த்தால் சுமார் 4,54,000 தம்பதிகள்! 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே செல்லாது என்றது. நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பு ஒன்று ரத்தானது 1848க்குப் பிறகு அதுவே முதல் முறை.

"அப்படியானால் அரசையே நம்ப முடியாதே" என்றார் ஒருவர். பாட்டி விடவில்லை. "தவறு என்று எப்படித் தெரிந்தது? அரசே கணக்கைத் திருத்தி வெளியிட்டதால்தானே?" என்றார். பிறகு அன்னா கோல்டி பேச்சு வந்தது. சூனியக்காரி என்று 1782இல் இதே ஊரில் தலை வெட்டப்பட்ட வேலைக்காரப் பெண். குழந்தையின் பாலில் மாயத்தால் ஊசி போட்டாள் என்று குற்றச்சாட்டு. படித்த நீதிபதிகள் நம்பினார்கள். அவள் குற்றமற்றவள் என்று கன்டோன் நாடாளுமன்றம் அறிவித்தது 2008இல். உங்கள் கேள்வியை நான் அங்கேதான் நினைத்துக்கொண்டேன், அப்பா. எத்தனை ஊராட்சி வேண்டும் என்பதைக் கைகள் தீர்மானிக்கலாம், வரி எவ்வளவு என்பதையும் தீர்மானிக்கலாம். பாலில் ஊசி இருந்ததா என்பதைக் கைகளால் தீர்மானிக்க முடியாது.

இதைப் படித்ததும் "நீ ஜெயித்தாயா?" என்று கேட்பீர்கள். இருங்கள். அந்த மண்டபத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவருக்குப் பதில் சொல்லும் முன், அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிய பிறகே நம் முறை. கேட்க எளிது. பாட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் மூன்று முறை முயன்றும் பாட்டி தலையாட்டவில்லை. நான்காவது முறை இருவரும் சிரித்துவிட்டார்கள்.

உங்களிடம் நான் ஒரு முறைகூட அப்படி முயலவில்லை. இப்போது முயல்கிறேன். ஏழு வருடமாக மகன் கூரையடி அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு ஒரு வீடு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள், அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்து அனுப்பினீர்கள். அவனோ நன்றிகூடச் சொல்லாமல் சட்டென்று வெட்டிப் பேசினான்.

நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று எழுதுங்கள். தவறென்றால் திருத்தி எழுதுங்கள், மறுபடி சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் என் பதில்.

அன்புடன்,
உங்கள் மகன்