திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை (செயலாளர் வாசித்தது)

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸப்பில் போட்டுவிடுகிறேன், அங்காவது படியுங்கள்.

மாதத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு கூடியது. புரொஜெக்டர் பழுது பார்க்கப்பட்டது. நூலக டிவிடிகள் சில இன்னும் திரும்பவில்லை, யார் வீட்டில் இருக்கின்றன என்பது அவரவருக்கே தெரியும்.

இனி, செக் இயக்குநர் மென்ஸலின் படங்களை வாரக்கணக்கில் போட்ட விஷயம். "யாரோ ஒரு செக்காரருக்கு எதற்கு இத்தனை வாரம்?" என்று முணுமுணுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரம்கூட வரவில்லை என்பதால் விவரமாகவே சொல்கிறேன். யிர்ஷி மென்ஸல் 1938-இல் பிராகில் பிறந்தவர், அங்குள்ள ஃபாமு திரைப்படப் பள்ளியில் படித்தவர். செக் எழுத்தாளர் ஹ்ராபாலின் குறுநாவலை வைத்து அவர் 1966-இல் எடுத்த 'க்ளோஸ்லி வாட்ச்ட் ட்ரெயின்ஸ்' 1968-இல் ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 30. நாஜி ஜெர்மனி பிடித்து வைத்திருந்த செக் நாட்டில் நடக்கும் கதை. அதில் ஒரு ரயில் நிலைய ஊழியர், இரவுப் பணியில் தந்தி அடிக்கும் பெண்ணின் தொடையில் ஸ்டேஷன் ரப்பர் ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாகக் குத்துவார். அந்த இடத்தில் குடும்பத்தோடு எழுந்துபோன உறுப்பினர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அப்புறம் வரும் விசாரணையில் அந்தப் பெண்ணைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, ஸ்டாம்பில் இருந்த ஆட்சிமொழியான ஜெர்மனுக்கு இழுக்கு வந்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டே! நாஜி ஆக்கிரமிப்பை வசனம் பேசித் திட்டாமல் இப்படியும் தோலுரிக்கலாம். படத்தில் வரும் டாக்டரும் மென்ஸல்தான். அவரே இயக்கிய 'கேப்ரிஷியஸ் சம்மர்' படத்தில் கயிற்றில் நடக்கும் வித்தைக்காரரும் அவரே.

அதே 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் வந்தன. மறு ஆண்டு அவர் எடுத்த 'லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்', பேராசிரியரையும் சாக்ஸபோன் கலைஞரையும் கம்யூனிஸ்ட் அரசு பழைய இரும்புக் கிடங்கில் வேலைக்குத் தள்ளிய கதை. முடக்கப்பட்டு 1990-இல்தான் வெளிவந்தது, பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. இன்னொரு செக் இயக்குநரான ஃபோர்மன் அமெரிக்கா போனார், இவர் போகவில்லை. பல வருடம் படம் எடுக்க விடாமல், 1974-இல் அணை கட்டும் கதையோடு திரும்ப விட்டார்கள். அது சமரசமா இல்லையா என்று டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். சங்கம் இருப்பது இதற்குத்தானே? 2013-இல் கோவா திரைப்பட விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது தந்தது நம் நாடு. 2020-இல் காலமானார்.

1998-இல் செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில், ஒரு பட உரிமை விவகாரத்தில் தயாரிப்பாளர் ஒருவரை மென்ஸல் பிரம்பால் அடித்தார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், என்னிடம் பிரம்பு இல்லை, ரசீதுப் புத்தகம்தான் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, விவரத்தைப் பொருளாளர் கேட்டால் சொல்வார். அரங்கம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னொரு செக் இயக்குநரான வியேரா ஹித்திலோவாவின் படங்கள் போடலாம் என்று இருக்கிறேன், அவர் படத்திலும் மென்ஸல் நடித்திருக்கிறார். வேறு யாராவது செயலாளராக வருவதென்றால் சாவியை இன்றே தந்துவிடுகிறேன். இல்லையென்றால் அரங்க வாடகைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பொருளாளர் வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஜிபேயும் உண்டு.