உதகை அரசு மருத்துவமனையில் திருநங்கையருக்குக் குரல் பயிற்சி தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குன்னூர் வட்டத்தில் வசிக்கும் திருநங்கை
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவை தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், திருநங்கையருக்கான பெண்குரல் பயிற்சியை வாரம் ஒரு நாள் கட்டணமின்றி வழங்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் குன்னூர் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். மருத்துவரின் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ளத் தொடங்கி இது நான்காவது ஆண்டு. என் தோலும் முகமும் உடலும் மாறியிருக்கின்றன; குரல் மட்டும் மாறவில்லை. மருந்தால் அது மாறாது என்பதையும், முறையான பயிற்சியால் மாற்ற முடியும் என்பதையும், அந்தப் பயிற்சி இந்த மலையில் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனுவை எழுதுகிறேன்.

பருவ வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்போது குரல்வளை பெரிதாகிக் கீழே இறங்குகிறது; குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பிற்காலத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை எவ்வளவு எடுத்துக்கொண்டாலும் தடித்த நாண்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பிறப்பில் பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன் மருந்தே குரலைத் தாழ்த்திவிடுகிறது. எங்களுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. வயதுவந்த ஆணின் பேச்சுக் குரல் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 130 அதிர்வுகளுக்குள்ளும், பெண்ணின் குரல் 180 முதல் 220 அதிர்வுகளுக்குள்ளும் இருக்கும். ஆயினும் அதிர்வெண்ணை உயர்த்துவது மட்டும் போதாது. தொண்டையிலும் வாயிலும் ஒலி எதிரொலிக்கும் விதம், சொற்றொடரின் ஏற்ற இறக்கம், மூச்சை விடும் பாங்கு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கேட்பவர் காதில் பெண்குரலாகப் பதிகின்றன. குரல் நாண்களில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகூட அதிர்வெண்ணை உயர்த்துமே தவிர, இந்த எதிரொலிப்பையும் பேச்சின் பாங்கையும் மாற்றித் தராது.

குரல் ஒன்றால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தங்கும் விடுதியில் அறை முன்பதிவுக்கான தொலைபேசியில் பேசும் வேலை எனக்குக் கிடைத்தது. தமிழில் 'வந்தேன்', 'சொல்கிறேன்' என்று நம்மைப் பற்றி நாமே பேசும்போது ஆண்பால், பெண்பால் தெரிவதில்லை; ஆகவே முகம் தெரியாத தொலைபேசியில் நான் யார் என்பதைக் குரல் மட்டுமே சொல்கிறது. அழைத்தவர்கள் 'சார்' என்றே பேசினார்கள். நான் என் பெயரைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள், சிலர் ஏமாற்று வேலை என்று நினைத்து இணைப்பைத் துண்டித்தார்கள். சீசன் முடியும் முன்பே, விருந்தினர்கள் குழம்புகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி அந்த வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள்.

பேருந்திலும் இதே நிலைதான். இந்தக் குளிரில் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டுக்கொண்டிருப்பதால் யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா' என்று சொல்லிப் பக்கத்தில் அமர்ந்த பெண்மணி, நான் நடத்துநரிடம் டிக்கெட் கேட்டதும் எழுந்து வேறு இருக்கைக்குப் போயிருக்கிறார். அதனால் பயணம் முழுக்க வாய் திறக்காமலே இருக்கப் பழகிவிட்டோம். சரியான சில்லறையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரை மட்டும் முணுமுணுக்கிறோம். மலையின் சிற்றூர்களில் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதால், ஒரு தடவை அடையாளம் தெரிந்துவிட்டால் அந்த வழித்தடத்தில் தினமும் அதே பார்வையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இரவில் தனியாக வரும்போது குரலால் அடையாளம் தெரிவது ஆபத்தாகவும் முடியலாம்.

வழிகாட்ட யாரும் இல்லாததால் கைபேசியில் கிடைத்த காணொளிகளைப் பார்த்து நானே பழகினேன். அவை ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அந்த மொழியின் ஏற்ற இறக்கத்தைத் தமிழில் வைத்துப் பேசினால் செயற்கையாக ஒலிக்கிறது. நான் தொண்டையை இறுக்கி, இயல்புக்கு மீறி உயர்த்திய கள்ளக்குரலில் மணிக்கணக்காகப் பேசிப் பார்த்தேன். மூன்றாவது மாதம் குரல் கம்மி, எச்சில் விழுங்கவே வலித்தது. பரிசோதித்த காது மூக்கு தொண்டை மருத்துவர், குரல் நாண்கள் வீங்கியிருப்பதாகக் கூறிச் சில வாரங்கள் பேச்சைக் குறைக்கச் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பயிற்சி பெற்ற பேச்சு மொழி வல்லுநர் ஒருவர் தொடக்கத்திலேயே அருகில் இருந்திருந்தால், இறுக்கம் வரும் இடத்தைக் காதால் கேட்டே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்.

இந்தப் பயிற்சிக்குப் பெரும் செலவு இல்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டுகிறேன். முதலில் குரல் நாண்களைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். பிறகு ஸ்ட்ரா வழியாகத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது, உதட்டை அதிரவிடுவது, 'ம்', 'ங்' என்று முனகி ஒலியின் அதிர்வை நெஞ்சிலிருந்து முகத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருவது என்று படிப்படியாகப் போகிறது. மெல்லின எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் இதற்கு ஏற்றவை. 'மாமா', 'மீன்', 'நீ' போன்ற சொற்களில் ஆரம்பித்துச் சொற்றொடருக்கும், அதிலிருந்து இயல்பான உரையாடலுக்கும் நகர்கிறார்கள். தேவையானவை ஓர் அமைதியான அறை, அதிர்வெண்ணைக் காட்டும் கைபேசிச் செயலி, ஒரு தம்ளர் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக அனுபவமுள்ள ஒருவரின் காது. வாரம் ஒரு முறை வழிகாட்டலும் தினசரி வீட்டுப் பயிற்சியுமாகச் சில மாதங்கள் தொடர வேண்டும். இடையில் விட்டால் குரல் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ஆகவேதான் அருகிலேயே இது கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

மைசூருவில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் குரல் சிகிச்சையில் பெயர்பெற்றது. உதகையிலிருந்து அங்கே செல்ல ஏறக்குறைய 125 கிலோமீட்டர். வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதால், ஒரே நாளில் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி முழுவதும் போய்விடும். வாரந்தோறும் அது முடியாது. கோவைக்கு இறங்கினாலும் தனியார் மருத்துவமனைக் கட்டணம் எங்கள் வருமானத்துக்கு எட்டாது.

திருநங்கையருக்கு அரசு மருத்துவமனைகளில் உரிய மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 15.4.2014 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு பாலின மாற்று அறுவை சிகிச்சையையும் ஹார்மோன் சிகிச்சையையும் அரசின் பொறுப்பாக்குகிறது. காப்பீடு குறித்த அதன் உட்பிரிவு லேசர் சிகிச்சையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, திருநரின் பிற உடல்நலத் தேவைகளையும் சேர்த்துக்கொள்கிறது. குரல் பயிற்சி அதில் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. எனினும் அதே பிரிவு வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்லும் டபிள்யூபாத் என்ற, திருநர் உடல்நலத்துக்கான உலக வல்லுநர் சங்கத்தின் நெறிமுறைகள், 2022-இல் வந்த எட்டாம் பதிப்பில் குரலுக்கும் பேச்சுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கின்றன. 2008-ஆம் ஆண்டிலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அறுவை சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்து தரும் அரசு, அதற்குப் பின் அந்தப் பெண் வாய் திறந்து பேசவும் துணை நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, 700 படுக்கைகளுடன் இயங்கும் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வாரத்தில் ஒரு பிற்பகலைத் திருநங்கையர் குரல் பயிற்சிக்கென ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பேச்சுப் பயிற்சியாளர் பணியில் இருந்தால் அவருக்கு இதற்கான சிறப்புப் பயிற்சி அளித்தும், இல்லையெனில் ஒருவரை நியமித்தும் இதைத் தொடங்கலாம். குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தின் பணியாளர் அமைப்பிலும் பேச்சுப் பயிற்சியாளருக்கு இடம் உண்டு. ஆனால் குழந்தைகளுக்கான நேரத்தைக் குறைத்து எங்களுக்குத் தரச் சொல்லவில்லை. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் உள்ளவர்கள் வாரந்தோறும் உதகைக்கு வருவது கடினம் என்பதால், முதல் பரிசோதனைக்குப் பின் தொடர் பயிற்சியைக் கூடலூர் அரசு மருத்துவமனையிலிருந்தே தொலைமருத்துவம் மூலம் பெற வழி செய்ய வேண்டுகிறேன். தமிழில் பயிற்சி ஒலிப்பதிவுகளைத் தயாரித்துத் தந்தால், வீட்டில் பழக அதுவே பேருதவியாக இருக்கும்.

மேலும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. அறுவை சிகிச்சையோ ஹார்மோன் சிகிச்சையோ எடுத்துக்கொண்டதற்கான சான்று கேட்காமல், விரும்பி வரும் எந்தத் திருநங்கையையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அதேபோல் இதை எவர்மீதும் திணிக்கவும் கூடாது. ஜமாத் என்று நாங்கள் அழைக்கும் எங்கள் திருநங்கையர் குழுவின் மூத்தவர்களில் பலர் தங்கள் குரலோடு நிம்மதியாக வாழ்கிறார்கள். அந்தக் குரலில் பேசுவதால் அவர்கள் பெண்மை குறைந்துவிடவில்லை. குரலைக் காரணம் காட்டி அடையாள அட்டையையோ உதவித்தொகையையோ யாருக்கும் மறுக்காதிருக்கும்படி, பயிற்சிக்கான ஆணையிலேயே இதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தாங்கள் விரும்பினால், பிங்கர்போஸ்டில் நடைபெறும் அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் வந்து விளக்கம் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர், குன்னூர் வட்டம்