அரிப்பிலிருந்து குதிரைமலை வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், ஹவாயின் கவாய் தீவுக் கரையோரமாகச் சிறு படகில் ஒரு நாள் போய்வந்த அனுபவத்தை வாசித்தேன். நாபாலிக் கரையில் 1,200 மீற்றர் வரை எழுந்து நிற்கும் மலைச்சுவர்களையும், கடலை நோக்கி விழும் அருவிகளையும், படகுக்கு முன்னால் துள்ளிய ஓங்கில்களையும் கட்டுரையாளர் கண்முன் கொண்டுவந்திருந்தார். ஆனால் முடிவில், இப்படிப் படகில் இருந்து பார்க்க நம்மிடம் ஒரு கரை இல்லையே என்று ஏங்கியிருந்தார். அதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. வன்னியின் மேற்குக் கரையில், மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்தில் அப்படி ஒரு கரை இருக்கிறது. அங்கே அரிப்பு என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடற்றொழில் செய்தவர்கள்.

நாபாலியின் உயரம் எங்கள் கரைக்குக் கிடையாது. எங்கள் கரை வேறு மாதிரி. வன்னியின் கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை தட்டையான வெண்மணல். மேற்கே அரிப்பில் கரை மேடாக எழுந்து, கடலால் வெட்டுண்டு நிற்கிறது. தெற்கே குதிரைமலைக்குப் போகும்போது செம்பு நிறக் கிறவல் மேடு நேரே கடலுக்குள் இறங்குகிறது. பின்னால் காடு. இதைத் தரைவழியாகப் போய்ப் பார்ப்பவருக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் வள்ளத்தில்தான் போக வேண்டும்.

என் மாமாவின் வள்ளத்தில் அப்படிப் போயிருக்கிறேன். விடியற்புறத்தில் புறப்பட வேண்டும், வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும். அரிப்புக்கு வடக்கே அருவியாறு கடலில் விழுகிறது. 164 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு, இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு இது. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679 இல் இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில்தான் கரைசேர்ந்தார். அந்தக் கதையை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

அப்புறம் நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் கட்டடம். உண்மையில் அது கோட்டை அல்ல. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்குவதற்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை. தரையில் நின்று பார்த்தால் இடிந்த சுவர்களும் தூண்களும் தெரியும், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். கடலில் இருந்து பார்த்தால்தான் அதன் நிலைமை விளங்கும். அலை மேட்டின் அடியைக் குடைந்து கொண்டே இருக்கிறது. சுவரின் பெரிய துண்டுகள் கீழே விழுந்து கடற்கரையில் கிடக்கின்றன. மேலே மிச்சமாக நிற்கும் செங்கல் வேலைக்குக் கீழே மண் இல்லை. மாமா இளைஞராக இருந்தபோது அந்த மேடு இன்னும் கடல் பக்கமாக நீண்டிருந்ததாம். கடலரிப்பைப் பற்றி நூறு கூட்டங்களில் பேசுவதைவிட, அதிகாரிகளை ஒரு காலை வள்ளத்தில் ஏற்றி இந்த இடத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும் என்று எனக்குப் படுகிறது.

சிலாவத்துறையைத் தாண்டினால் கொண்டச்சிக் குடா, முள்ளிக்குளம், மரிச்சுக்கட்டி. இந்தக் கரைக்கு வெளியே கடலுக்குள் இருக்கும் பார்களில், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்தான் பல நூற்றாண்டுகள் முத்துக் குளித்தார்கள். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும்போது இந்த வெறுங்கரையில் ஒரு நகரமே எழும்பும். குளிப்பவர்கள், சம்மாட்டிகள், வியாபாரிகள், கடல் கடந்து வந்த அரபிகள், தமிழகத்தார் எல்லோரும் கூடுவார்கள். 1905 இல் நடந்த குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டே பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே பார்கள் வெறுமையாகின, கம்பெனி மூட்டையைக் கட்டியது. கரையில் வாழ்ந்தவர்களுக்கு மிஞ்சியது சிப்பி ஓடுகள்தான். இன்றும் அந்த மண்ணைக் கிளறினால் அவை மினுங்கும்.

முள்ளிக்குளத்தைக் கடக்கும்போது வள்ளத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். 2007 இல் அந்த ஊர் மக்கள் வெளியேற நேர்ந்தது. அங்கே கடற்படை முகாம் வந்தது. ஊரின் ஒரு பகுதிதான் பிறகு விடுபட்டது. சுற்றுலா என்று வருபவர்களுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

குதிரைமலை வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, நினைத்தபடி இறங்க முடியாது. இறங்கத் தேவையும் இல்லை. கடலில் வள்ளத்தை நிறுத்தி, அந்தச் சிவந்த மேட்டைப் பார்த்தாலே போதும். முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். செங்கடலில் வரி வசூலித்த ஒருவனின் ஆளைக் காற்று அடித்துக்கொண்டு வந்து, பதினைந்தாம் நாள் இந்தத் தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையில் சேர்த்ததாம். அந்தத் துறை குதிரைமலைதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தச் செம்மண்ணைக் கடலில் இருந்து பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாகத் தோன்றாது. தூரத்தில் வரும் கப்பலுக்கு இதைவிட நல்ல அடையாளம் இந்தப் பக்கத்தில் இல்லை.

சரி, இவ்வளவும் எதற்காக எழுதுகிறேன்? இப்படியான பயணம் இங்கே ஒரு நாள் தொடங்கத்தான் போகிறது. தொடங்கும்போது அது கரையோர ஊர்களின் கையில் இருக்க வேண்டும். அரிப்புக் கத்தோலிக்கரும், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த சிலாவத்துறை, கொண்டச்சி முஸ்லிம்களும் ஒரே கடலில் தொழில் செய்கிறார்கள். அவர்களின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து இதை நடத்தட்டும். முத்துப்பாருக்கு நடந்ததை மறந்துவிட்டு இன்னொரு கம்பெனிக்குக் கரையை எழுதிக் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே வெளியிடத்து வேகப்படகு ஒன்று மாமாவின் வலையை அறுத்துக்கொண்டு போய், இஞ்சினை நிறுத்திப் பார்க்கக்கூட இல்லை.

எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். கவாயில் 2018 வெள்ளத்தில் சேதமான ஹாயேனா பூங்காவை அடுத்த ஆண்டு திறந்தபோது, ஒரு நாளைக்கு 900 பேர் என்று வரையறுத்தார்கள். நாபாலியின் ஹொனோப்பு கடற்கரையில் படகு கரையேறவே கூடாது, நீந்தித்தான் போகலாம். இங்கேயும் கடற்பசு மேயும் சாதாழை என்ற கடற்புல் திடல்கள் ஆழம் குறைந்த இடங்களில் இருக்கின்றன. இஞ்சின் விசிறி அதைக் கிழித்தால் மறுபடி முளைக்கக் காலம் எடுக்கும். எந்த இடத்தில் இஞ்சினைத் தூக்கி வள்ளத்தைக் கழியால் ஊன்றிச் செலுத்த வேண்டும் என்பது எங்கள் தொழிலாளிகளுக்குத் தெரியும்.

காலத்தையும் அவர்களே சொல்லட்டும். "கச்சான் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஏலாது, பிள்ளை" என்று மாமா சொல்வார். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் என்ற தென்மேல் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். தை பிறந்த பிறகு சித்திரை வரைதான் நல்ல கடல். முத்துக் குளித்தவர்களும் அந்த மாதங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் எவ்வளவு காசு நீட்டினாலும் ஆவணியில் வள்ளம் இறக்கக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். மீன்பிடி வள்ளத்தில் அப்படியே பயணிகளை ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. இருக்கை, நிழல், இரண்டாவது இஞ்சின், பயணிகள் அனுமதி எல்லாம் வேண்டும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். அது குறுகிய நீர்ப்பரப்பு. இது திறந்த கடல்.

முதல் வேலையாக சிலாவத்துறையில் சரியான ஓர் இறங்குதுறையும், பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிவறையும் கட்டித் தாருங்கள் என்று முசலிப் பிரதேச சபையைக் கேட்கிறேன். இப்போது முழங்கால் தண்ணீரில் இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. வயதான பெண்களால் அது முடியாது. அவர்கள் தங்கள் ஊரைக் கடலில் இருந்து ஒரு தடவையாவது பார்க்கட்டும். உங்கள் கட்டுரையாளரையும் தை மாதத்தில் இங்கே அனுப்பிவையுங்கள். வள்ளத்துக்கு நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவர்,
அரிப்பு, மன்னார்.