ஆலை எஞ்சின்கள் இரண்டுக்கும் மழைக்கு முன் கூரை வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சிமென்ட் ஆலை சைடிங் லோகோ பணியாளர்கள்,
ரயில்வே காலனி பின்புறம்.

பெறுநர்:
உயர்திரு கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்.

பொருள்: ரயில் அருங்காட்சியகத்தின் பின்புறம் வெட்டவெளியில் நிற்கும் ஆலை நீராவி எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கூரை அமைக்கவும், சிமினிக்கு உடனே மூடி போடவும் வேண்டுதல்.

பார்வை: இதே பொருள் குறித்து நேரிலும் தபாலிலும் ஏற்கெனவே கொடுத்து, இதுவரை பதில் வராத எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நேரத்தை மீண்டும் எடுத்துக்கொள்வதற்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். முந்தைய மனுக்கள் தங்கள் மேசை வரை வந்தனவா, இடையிலேயே நின்றுவிட்டனவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் விஷயத்தை முதலிலிருந்தே எழுதுகிறோம்.

இடம் தாங்கள் அறிந்ததுதான். குட்ஸ் ஷெட்டைத் தாண்டி, சந்தைப்பேட்டை கேட்டுக்கு முன்னால் இடதுபுறம் அருங்காட்சியகம். நுழைந்தவுடன் பெரிய ஷெட். ரயில்வேயின் சொந்த எஞ்சின்கள் அதற்குள் நல்லபடியாக நிற்கின்றன. அதற்காக மனதார நன்றி சொல்கிறோம். ஷெட்டுக்குப் பின்னால் கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் கடந்து போனால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பள்ளமான இடத்தில் இரண்டு எஞ்சின்கள் நிற்கும். சந்தை ரோட்டு மழைநீர் வந்து தேங்குகிற அதே பள்ளம்தான். எங்கள் சிமென்ட் ஆலையின் சைடிங்கில், அதாவது ஆலைக்கென்று போட்ட தனிக் கிளைப்பாதையில், ஓடியவை அவை. இந்த மனு அந்த இரண்டையும் பற்றியது.

1. முதலில் நீராவி எஞ்சின். பாய்லரின் முதுகிலேயே தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருக்கும் சேடில் டேங்க் வகை. கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் வண்டி இதற்குக் கிடையாது. கரி வைக்க கேபினுக்குப் பின்னால் சின்ன பங்க்கர் மட்டும் உண்டு. ஆலைக்குள் வளைவுகள் நெருக்கமாக இருக்கும் என்பதால் ஆறு சக்கரங்களையும் கிட்டக்கிட்ட வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் வேகனைக் கிரஷருக்குத் தள்ளுவது, கரி வேகனைக் கொதிகலன் பக்கம் கொண்டு நிறுத்துவது, மூட்டை ஏற்றிய வேகன்களை ஸ்டேஷன் யார்டு வரை இழுத்துவிட்டுத் திரும்புவது, இவைதான் அதன் வேலை. யார்டைத் தாண்டி ஒரு நாளும் அது போனதில்லை. அதனாலேயே அதன் அருமை வெளியில் தெரியவில்லை என்று நினைக்கிறோம்.

ரயில்வேயின் பயணிகள் ரயில் இழுத்த டபிள்யூ.பி நீராவி எஞ்சின்கள் 755 கட்டப்பட்டன, சரக்கு ரயில் இழுத்த டபிள்யூ.ஜி எஞ்சின்கள் 2450. அவற்றில் பல இன்று நாடெங்கும் காப்பாற்றப்பட்டு நிற்கின்றன. ஆலை எஞ்சின் அப்படி வந்ததல்ல. சர்க்கரை ஆலை, துறைமுகம், நிலக்கரிச் சுரங்கம், உரத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை ஒன்றும் இரண்டுமாக வாங்கியது. போனால் அதே போல் இன்னொன்று கிடைக்காது. டெல்லி சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் சிந்திரி உரத் தொழிற்சாலையின் நெருப்பில்லா எஞ்சினை வைத்திருக்கிறார்கள். அதில் அடுப்பே கிடையாது. ஆலைக் கொதிகலனிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு ஓடியது. அங்கே ஆலை எஞ்சினுக்கு மரியாதை இருக்கிறது. இங்கே ஏன் கழிப்பறைக்குப் பின்னால் தள்ளப்பட்டது?

2. எங்களை மிகவும் வாட்டுவது இதுதான் ஐயா: அந்த எஞ்சினின் சிமினி திறந்து கிடக்கிறது.

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். எஞ்சின் ஓடும்போது சிமினி வழியே புகையும் நீராவியும் வேகமாக மேலே போகும். உள்ளே சூடு இருக்கும். ஒரு சொட்டு மழை இறங்காது. எஞ்சின் நின்றுபோன பிறகு அதே சிமினி வானத்தைப் பார்த்த குழாய். பெய்கிற மழை முழுவதும் நேராக ஸ்மோக் பாக்ஸுக்குள், அதாவது பாய்லருக்கு முன்னால் புகை வந்து சேரும் பெட்டிக்குள், விழுகிறது. ஸ்மோக் பாக்ஸின் அடியில் பழைய கரிச்சாம்பல் இன்னும் கிடக்கிறது. கரியில் கந்தகம் உண்டு. அந்தச் சாம்பல் நனைந்தால் தகட்டை ஆசிட் ஊற்றியது போல அரித்துவிடும். எஞ்சின் வேலையில் இருந்த காலத்தில் சாம்பலை வாரி வெளியே போடாமல் யாரும் ஷிப்டை முடித்துவிட்டுப் போக முடியாது. ஃபோர்மேன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இன்று அந்தச் சாம்பல் ஈரத்தோடு மண்ணாகிக் கிடக்கிறது. அடித்தகட்டில் விரலை வைத்தால் துரு ஏடு ஏடாக உரிந்து வருகிறது. வலதுபக்கம் ஓட்டையே விழுந்துவிட்டது. அதன் வழியே கீழே இருக்கும் ஜல்லி தெரிகிறது. கதவைச் சுற்றிய வளையம் தளர்ந்து, கதவும் சரியாக மூடுவதில்லை.

அதோடு முடியவில்லை. சிமினிக்கு நேர் கீழே பிளாஸ்ட் பைப். சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி வெளியே வருகிற வழி அது. அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். சிமினியில் விழுகிற மழையில் ஒரு பங்கு அந்த வாய்க்குள் இறங்கி சிலிண்டர் பக்கம் போகிறது. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற அடியில் டிரெயின் காக் உண்டு. அதுவும் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. ஆகவே உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எஞ்சின் சிவப்பும் கறுப்புமாகப் பளபளவென்று நிற்கிறது. உள்ளே வால்வும் பிஸ்டனும் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு ஒரே இரும்பாகிக்கொண்டிருக்கின்றன.

இதைத் தடுக்க ஒரு மூடி போதும் ஐயா. ஒரு வட்டத் தகடு, கம்பி வைத்துக் கட்டினால் முடிந்தது. தங்கள் பணிமனையில் மிச்சத் தகட்டில் அரை மணி நேர வேலை. நாங்களே ஒரு தகட்டை வெட்டிக்கொண்டு போய், வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு, சிமினிமேல் வைத்துக் கட்டினோம். அடுத்த ஆய்வுக்கு முன்னால் "பார்வைக்கு நன்றாக இல்லை" என்று அதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எது பார்வைக்கு நன்றாக இல்லை? மூடியா, ஓட்டை விழுந்த ஸ்மோக் பாக்ஸா? யாரைக் கேட்டுவிட்டு எடுத்தார்கள்? எடுத்தவர்கள் அந்த எஞ்சினின் கதவை ஒரு முறையாவது திறந்து பார்த்தார்களா?

3. பெயின்ட். ஆய்வுக்கு யாராவது பெரியவர் வருகிறார் என்றால் உடனே ஒப்பந்தக்காரர் வந்து துருவைச் சுரண்டாமல், துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிக்காமல், நேராக எனாமலைப் பூசிவிடுகிறார். புரையோடிய புண்ணுக்குப் பவுடர் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எண்ணெய்க் கிண்ணங்களை அடைத்துப் பூசியிருக்கிறார்கள். சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடின்மேலும் வெள்ளிப் பெயின்ட். அந்த ராடில்தான் கம்பெனியின் தயாரிப்பு எண்ணைப் பொறித்திருப்பார்கள். பித்தளைத் தகடு காணாமல் போனாலும் எஞ்சின் எது என்று கண்டுபிடிக்க அந்த எண் ஒன்றே சாட்சி. எங்கள் எஞ்சினின் பித்தளைத் தகடு இப்போது இல்லை. எப்போது போனது, யார் எடுத்தார்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. மிச்சமிருக்கிற ஒரே சாட்சியையும் பெயின்டால் மூட வேண்டாம் என்று கேட்கிறோம். பக்கத்தில் வைத்திருக்கும் பலகையில் "பழைய எஞ்சின்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த ஆலை, என்ன வேலை, எத்தனை சக்கரம், ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துவிட்டு அடுத்த நிமிடம் நகர்ந்துவிடுகிறார்கள்.

4. டீசல் எஞ்சின். நீராவி எஞ்சினுக்காவது போட்டோ எடுக்க நாலு பேர் வருகிறார்கள். இதற்கு அதுவும் இல்லை. சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் கட்டிய டபிள்யூ.டி.எஸ்-4 வகை, யார்டில் வேகன்களை நகர்த்துவதற்கானது. உள்ளே மாக் என்ற ஜெர்மன் கம்பெனி வகை டீசல் எஞ்சின். சக்கரங்களை நீராவி எஞ்சின் போலவே ராடால் இணைத்திருக்கும். டீசலில் ராட் ஓடுவதைப் பார்க்கவே புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதோடு இருப்பது சூரி டிரான்ஸ்மிஷன். நம் ரயில்வேயின் பொறியாளர் எம்.எம். சூரி உருவாக்கியது, கிளம்பும்போது எண்ணெயின் விசையாலும், வேகம் எடுத்த பிறகு நேரடி இணைப்பாலும் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும். நம் நாட்டுப் பொறியியலுக்குப் பெருமை சேர்த்த விஷயம் ஒன்று சந்தைப்பேட்டைப் பள்ளத்தில் நனைந்துகொண்டிருக்கிறது. பக்கக் கதவுகளில் பாதி இல்லை. சைலன்சர் வாய் திறந்திருக்கிறது, அதற்குள்ளும் மழை. கேபிள்களை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடு ஒன்று உள்ளே படுத்துக் கிடந்ததை எங்களில் ஒருவர் விரட்டிவிட்டு வந்தார்.

5. பாய்லர்மேல் சுற்றிய தகடு பல இடங்களில் உதிர்ந்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பூச்சு வெளியே தெரிகிறது. அந்தக் காலத்து எஞ்சின்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகள் அதைக் கையால் பிய்த்து விளையாடுகிறார்கள். முதலில் பரிசோதனை, அதுவரை சுற்றிலும் கயிறு. உலர்ந்த நிலையில் யாரும் சுரண்டக் கூடாது.

6. ஐயா, இதெல்லாம் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. செய்து காட்டியவர்கள் தங்கள் ரயில்வேக்காரர்களேதான். 1855-இல் கட்டப்பட்ட, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இ.ஐ.ஆர்-21 நீராவி எஞ்சின் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்கு மேல் ஓடாமல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதை ஓட வைத்தார்கள். பொன்மலைப் பணிமனை நீலகிரி மலைப்பாதைக்குப் புதிதாகவே நீராவி எஞ்சின் கட்டிக் கொடுத்தது. ரேவாரியில் 1893-இல் கட்டிய நீராவி ஷெட்டையே அருங்காட்சியகமாக்கி, எஞ்சின்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பட்டியாலா மோனோரயிலின் எஞ்சினை அமிர்தசரஸ் பணிமனையார் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அகல ரயில்பாதையில் நீராவி 1995-இல் முடிந்துபோனது. அந்த வேலை தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. எங்களிலேயே எஞ்சின் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர்கள் இன்று படியேற முடியாமல் வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கும்போதே கேளுங்கள். எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் சொல்ல முடியும்.

நாங்கள் எஞ்சினை ஓட வைக்கச் சொல்லவில்லை. பாய்லர் பரிசோதனை, சான்றிதழ், செலவு எல்லாம் எங்களுக்குத் தெரியும். கூரை கேட்கிறோம். கூரை! தகரக் கூரை! பக்கத்தில் இரு சக்கர வாகன நிறுத்தத்துக்குப் போட்டது போன்ற தகரக் கூரை. மோட்டார் சைக்கிள் நனையக் கூடாது என்று யோசிக்க முடிந்தது. இரண்டு எஞ்சின்கள் நனைவது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

நம் அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு நாட்டின் பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று சொல்கிறது. அந்தக் கடமையைத்தான் மூடி வெட்டிக்கொண்டு போய்ச் செய்தோம். "நடவடிக்கையில் உள்ளது" என்று கவுன்டரில் சொல்லி அனுப்புகிறார்கள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. எழுத்தில் கேட்டால் அதற்கும் பதில் இல்லை. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டால், "பெட்டியில் போடுங்கள்" என்கிறார்கள். வயதானவர்கள் இத்தனை முறை வந்து நிற்கிறோமே என்று ஒரு நாற்காலியாவது காட்டலாம். வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும் ஐயா. ஐப்பசி நெருங்குகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

எனவே மீண்டும் பணிந்து வேண்டுகிறோம்.

சிமினிக்கும் டீசல் சைலன்சருக்கும் இந்த வாரமே மூடி. அதற்கு ஒப்பந்த டெண்டர் விடத் தேவையில்லை. ஸ்மோக் பாக்ஸில் இருக்கும் ஈரச் சாம்பலை வாரி எடுத்து, உலர்த்தி, எண்ணெய் பூச அனுமதி கொடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு நாங்களே வந்து செய்கிறோம், கூலி வேண்டாம். டிரெயின் காக்குகளைத் திறந்துவிட வேண்டும். சந்தை ரோட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் சுவரோரம் ஒரு வாய்க்கால். மழைக்கு முன் கூரை. கூரைக்கு நிதி தாமதமானால், அதுவரை தார்ப்பாயாவது. ஆனால் தார்ப்பாயை எஞ்சினோடு ஒட்டிக் கட்டக் கூடாது. உள்ளே காற்று போக இடம் விட்டு, சட்டம் வைத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் புழுக்கத்திலேயே துருப்பிடிக்கும். இனிமேல் பெயின்ட் அடிக்கும் முன் எங்களில் ஒருவரை அழைத்து, எங்கே பூசக் கூடாது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவற்றில் எதையும் செய்ய முடியாது என்றால், முடியாது என்றாவது எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தாங்களே ஒரு முறை நேரில் வர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். முன்னறிவிப்பு இல்லாமல், மழை பெய்த மறுநாள் காலை வாருங்கள் ஐயா. பெரிய ஷெட்டில் நிற்காமல் நேராகப் பின்பக்கம் வாருங்கள். ஸ்மோக் பாக்ஸ் கதவை நாங்கள் திறந்து காட்டுகிறோம்.

சிமினிக்கு மூடியும் மழைக்கு முன் கூரையும் வேண்டி,

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சிமென்ட் ஆலை சைடிங் லோகோ பணியாளர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கத்தில், ஸ்மோக் பாக்ஸின் புகைப்படங்கள் இணைக்கப்பட்டுள்ளன)