கொலிகோவிஷன் பதிப்பைத் திரும்பப் பெறுவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏரியில் படகு ஓட்டும் எங்கள் வீடியோ ஆட்டத்தை, கொலிகோவிஷன் என்ற பழைய ஆட்டக் கருவியில் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜாக வாங்கியவர்கள் 24 பேர். அந்த 24 கார்ட்ரிட்ஜ்களிலும் ஒரே பிழை இருக்கிறது: எப்போதாவது ஏரியின் நடுவே கரைக் கல் ஒன்று மிதப்பதுபோல் தெரியும். பிழை எங்களுடையது. அனைத்தையும் எங்கள் செலவிலேயே திரும்பப் பெற்றுச் சரிசெய்து தருகிறோம். இதே ஆட்டத்தை முதலில் எம்எஸ்எக்ஸ் என்ற பழைய வீட்டுக் கணினிக்குத்தான் எழுதியிருந்தோம். "எம்எஸ்எக்ஸில் ஒரு வருடமாக நன்றாக ஓடுகிற ஆட்டம்தானே, இரண்டிலும் ஒரே சிப்தானே, பிறகு எப்படிப் பிழை வந்தது?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி என்பதால் அதற்கு முழுமையாகப் பதில் சொல்லவே இந்த மடலை எழுதுகிறோம்.

1982இல் வந்த கொலிகோவிஷன், 1983இல் வந்த சேகா எஸ்ஜி-1000 என்ற ஆட்டக் கருவி, அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். மூன்றிலும் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 ப்ராசசர் இருக்கிறது. முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் உட்பட மூன்றிலும் படம் வரைவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்9918ஏ குடும்பச் சிப். ஆகவே 256க்கு 192 புள்ளித் திரை, 15 நிறங்கள், 32 ஸ்ப்ரைட்கள் (பின்னணிக்கு மேல் தனியாக நகரும் சிறு படங்கள்), ஒரே கிடைக்கோட்டில் நான்கிற்கு மேல் ஸ்ப்ரைட் தெரியாது என்ற கட்டுப்பாடு, எல்லாம் மூன்றுக்கும் பொது. படகு, அலை, கரை, கொக்கு என்று வரைந்த எந்தப் படத்தையும் நாங்கள் மறுபடி தொடவில்லை. ப்ராசசர் படச் சிப்போடு பேசும் வாசல்களான போர்ட்களின் எண்கள் எம்எஸ்எக்ஸில் ஹெக்ஸ் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 98, 99. மற்ற இரண்டிலும் பிஇ, பிஎஃப். இதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். கார்ட்ரிட்ஜ் எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதும் அப்படியே: எம்எஸ்எக்ஸில் பெரும்பாலும் 4000, கொலிகோவிஷனில் 8000, எஸ்ஜி-1000இல் பூஜ்யம்.

சிரமம் நினைவகத்தில் தொடங்கியது. எம்எஸ்எக்ஸில் ஆட்டம் ஓடும்போது பயன்படும் நினைவகமான ராம் குறைந்தபட்சம் 8 கிலோபைட் உண்டு. கொலிகோவிஷனில் 1 கிலோபைட்தான், அதிலும் பயாஸும் (கருவியிலேயே உள்ள அடிப்படை நிரல்) ஸ்டாக்கும் (ப்ராசசர் தற்காலிகக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் இடம்) தங்களுக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீருக்கு அடியில் எந்தக் கட்டத்தில் பாறை இருக்கிறது என்பதைச் சொல்லும் எங்கள் மறைவு வரைபடத்திற்கு மட்டும் 32க்கு 24 கட்டம், அதாவது 768 பைட் வேண்டும். அதை ராமில் வைத்தால் ஆட்டத்திற்கு இடம் மிஞ்சாது. நல்லவேளையாகப் படச் சிப்புக்குத் தனியாக 16 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. எங்கள் படங்களும் ஸ்ப்ரைட்களும் போக அதில் 1,152 பைட் காலியாக இருந்தது. வரைபடத்தை அங்கே குடியேற்றி, படகு நகரும்போதெல்லாம் தேவையான கட்டத்தைப் போர்ட் வழியாகப் படித்துக்கொண்டோம். பிழை நுழைந்த இடம் இதுதான்.

படச் சிப்பின் நினைவகத்தில் ஓர் இடத்தைப் படிக்கவோ எழுதவோ வேண்டுமானால், அந்த முகவரியை இரண்டு பைட்களாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். முதல் பைட் போய் இரண்டாவது போவதற்குள் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தித் தன்னைக் கவனிக்கச் சொல்லி ப்ராசசரை இடைமறிக்கும் அழைப்பு) வந்து, அதைக் கவனிக்கும் நிரல் சிப்பின் நிலையைப் படித்துவிட்டால், சிப் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடும். நாம் அனுப்பும் இரண்டாவது பைட்டை முதலாவது என்று எடுத்துக்கொள்ளும். முகவரி தவறி, வேறு இடத்தில் படிப்பதோ எழுதுவதோ நடந்துவிடும். எம்எஸ்எக்ஸில் இதற்கு எளிய வழி உண்டு: முகவரியை அனுப்பும் முன் இன்டரப்டை நிறுத்தி, அனுப்பியபின் திறந்துவிடலாம். கொலிகோவிஷனிலோ படச் சிப்பின் இன்டரப்ட், ப்ராசசரின் என்எம்ஐ என்ற காலில் (சிப்பின் இணைப்பு முனையில்) இணைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தச் சொன்னாலும் நிற்காத இன்டரப்ட் அது. எம்எஸ்எக்ஸிலிருந்து வந்த எங்கள் நிரலில் "நிறுத்து" என்ற கட்டளை இருந்தது; கொலிகோவிஷன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டு, நொடிக்கு 60 முறை தன் பாட்டுக்கு வந்து போனது.

எங்கள் சோதனையில் இது தெரியாமல் போனது, ஏனென்றால் அந்த இரண்டு பைட்டுக்கு நடுவே சரியாக இன்டரப்ட் விழுவது அபூர்வம். அல்சூரிலேயே வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தம் கொலிகோவிஷனைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். பழைய பிக்சர் டியூப் டிவியில் இணைத்து அவரும் நாங்களுமாக மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 40 நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஏரியின் நட்டநடுவில், நீல நீருக்கு மேல், கரைச் சுவரின் ஒரே ஒரு சிவப்புக் கல் மிதந்தது. அவர் பதற்றப்படாமல் விரலால் சுட்டிக்காட்டி, "இதுதான் தம்பி, வீட்டில் நான் பார்த்தது" என்றார். அந்தக் கல்லைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் தேடியிருப்போமோ தெரியாது. அவருக்கு எங்கள் நன்றி.

இப்போது செய்திருக்கும் திருத்தம் இது. படச் சிப்பைத் தொடும் முன் ராமில் ஒரு கொடியை, அதாவது "வேலை நடக்கிறது" என்ற அடையாளத்தை, ஏற்றுகிறோம். கொடி ஏறியிருக்கும்போது இன்டரப்ட் வந்தால், அது சிப்பைத் தொடாமல் "வந்துபோனேன்" என்று ஒரு பைட்டில் குறித்துவிட்டுத் திரும்பிவிடும். வேலை முடிந்து கொடியை இறக்கியதும் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்டுப்போன வேலையை உடனே செய்கிறோம். இந்தத் திருத்தத்தோடு ஆட்டத்தை நான்கு நாள் இரவு பகலாகத் தானாகவே ஓடவிட்டுப் பார்த்தோம், கல் மிதக்கவில்லை.

இசை மாறியிருக்கிறது என்று எழுதியவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எம்எஸ்எக்ஸில் ஒலி தருவது ஏஒய்-3-8910 என்ற சிப். கொலிகோவிஷனிலும் எஸ்ஜி-1000இலும் எஸ்என்76489. இரண்டிலும் மூன்று சுரக் குரல்கள். இந்த இயந்திரங்களின் கடிகார வேகத்தில் ஒரு சுரத்திற்காகச் சிப்புக்குத் தரும் எண்கூட (எண் பெரிதானால் சுரம் தாழும்) இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் ஏஒய் 4095 வரை எண்ணும், எஸ்என் 1023 வரைதான் எண்ணும். அதனால் எஸ்என்னின் சுரக் குரல் சுமார் 109 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. எங்கள் இசையின் அடியில் தம்புராபோல் ஓடும் மந்தர ஸ்தாயி சாவுக்கு எண் 1710. அது எஸ்என்னுக்குள் நுழையவே நுழையாது. இரைச்சல் எழுப்புவதற்கென உள்ள சத்தச் சேனலைக் கொண்டு இன்னும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் தந்திரம் ஒன்று உண்டு, செய்தும் பார்த்தோம். ஆனால் அது மூன்றாவது குரலை விழுங்கிவிடுவதோடு, சுருதியாக இல்லாமல் வண்டின் ரீங்காரமாகக் கேட்டது. ஆகவே எண்ணைப் பாதியாக்கி, 855 என்று வைத்து, சாவை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிட்டோம். கனம் குறைந்தாலும் சுருதி சுத்தமாக இருக்கிறது. எங்களுக்கு அதுவே முக்கியம்.

ஒலி அளவிலும் ஒரு தவறு செய்திருந்தோம். ஏஒய்யில் 15 என்றால் உச்சம், எஸ்என்னில் 15 என்றால் மௌனம். எண்ணைத் தலைகீழாக்கினால் போதும் என்று நினைத்துவிட்டோம். ஏஒய்யின் ஒவ்வொரு படியும் சுமார் 3 டெசிபெல், எஸ்என்னில் 2 டெசிபெல் என்பதால், மென்மையாக ஒலிக்க வேண்டிய இடங்களெல்லாம் உரக்கக் கேட்டன. இப்போது 16 எண்கள் கொண்ட ஒரு அட்டவணையை வைத்துச் சரிசெய்திருக்கிறோம்.

எஸ்ஜி-1000 பதிப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு: அதன் ஒலிச் சிப்பும் ராமின் அளவும் கொலிகோவிஷனைப் போலவே, இன்டரப்ட் மட்டும் எம்எஸ்எக்ஸைப் போல, நிறுத்தச் சொன்னால் நிற்கும். அங்கே என்எம்ஐ காலில் இருப்பது பாஸ் பொத்தான். எனவே மீதி வேலை குறைவுதான்.

சிறுவயதில் ஆடிய டிவி கேமுக்கு, அதாவது நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல்களுக்கு, இதே ஆட்டத்தைக் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். அதன் ப்ராசசர் இசட்80 அல்ல, 6502 என்ற வேறொரு ப்ராசசரின் வழி வந்தது. படச் சிப்பும் முற்றிலும் வேறு. அது பெயர்ப்பு வேலையாக இருக்காது, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுவதாகவே இருக்கும். இப்போதைக்கு எங்களால் இயலாது.

கார்ட்ரிட்ஜை அனுப்பும் முறை எளிது. கார்ட்ரிட்ஜை மட்டும் அனுப்புங்கள். பெட்டியும் கையேடும் உங்களிடமே இருக்கட்டும். உள்ளே ஆட்டத்தின் நிரலைத் தாங்கியிருக்கும் 27சி256 சிப்பை யூவி விளக்கில் அழித்துப் புதிய நிரலை எழுதுவோம். எழுத மறுக்கும் பழைய சிப்பாக இருந்தால் பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வேறு வாங்கிப் பொருத்தித் தருவோம். கூரியர் செலவு இருபக்கமும் எங்களுடையது. பெங்களூரில் இருப்பவர்கள் நேரில் வந்தால் ஒரு மணி நேரத்தில் கையோடு வாங்கிச் செல்லலாம். திருத்திய கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும். அதன் பிறகும் தண்ணீரில் கல் எதுவும் தெரிந்தால், டிவியை அணைக்காமல் திரையைப் படம் எடுத்து, எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடையினர்