உண்ணிக்குச்சி யானைகளும் மண்ணுக்குள் இருக்கும் வேரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியின் (லாண்டனா) குச்சியால் செய்த யானைச் சிற்பங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினரின் கைகளில் உருவான யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் நியூயார்க் வீதியிலும் மந்தையாக நின்றது பெருமைதான். ஆனால் யானை ஒன்று உருவானால் காட்டில் அவ்வளவு களை ஒழிந்தது என்று கட்டுரையாளர் கணக்குப் போடுவது சரியல்ல.

சிற்பத்துக்கு வேண்டியது தண்டு மட்டும். அதை வேகவைத்துத் தோலுரித்து, இளகியிருக்கும்போதே இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். காய்ந்தபின் வளைத்தால் முறியும். அந்த வட்டாரத்தில் நடமாடும் யானைகளே மாதிரி என்பதால் நெற்றிமேடும் முதுகு வளைவும் சட்டத்திலேயே அமைந்துவிட வேண்டும். பிறகு குச்சியைத் திணித்து ஒப்பேற்ற முடியாது. (தினமும் யானையைப் பார்ப்பவர்களின் கண் இங்கேதான் வேலை செய்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.)

செடியின் கதை வேறு. அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்த அமெரிக்கப் புதர், தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அப்படித்தான். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரைக் கொத்தி அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகக் காட்டில் செய்துகாட்டிய முறை இது. பழம் வருவதற்குள் முடிப்பது நல்லது. பறவைகள் பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போடும். ஆகவே அவை வந்து உட்காரும் மரங்களின் அடியில் அடுத்தடுத்த ஆண்டு மழைக்குப் பின்னும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இந்தக் கட்டத்தில்தான். முதல் ஆண்டோடு ஆட்களை அனுப்பிவிடுகிறார்கள். அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்க்காமல் வெறும் தரையாக விட்டால் மறுபடி உண்ணியே ஏறும், யானைக்கோ மானுக்கோ மேய ஒன்றும் இருக்காது.

சிற்பங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூலியும், மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உதவும் பணிகளுக்கு விற்பனைப் பணமும் கிடைக்கின்றன. அதைச் சொன்னாலே போதும். அடுத்த கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, குச்சி வெட்டிய இடத்தில் வேரையும் எடுத்தார்களா, இப்போது அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நீலகிரி