பெரியவரின் கையெழுத்தைக் காட்டுங்கள், சின்னவரின் பெயரை விட்டுவிடுங்கள்

விக்கிலீக்ஸ், கிரிப்டோம் மாதிரி, கசிந்த ரகசியத் தாள்களை வெளியிடும் தளங்களை நடத்துகிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

உங்களைத் திட்ட வரவில்லை. அரசாங்கம் தானாக ஒரு தாளை வெளியே விடுவதற்குள் பிள்ளை வளர்ந்து கலியாணமும் கட்டிவிடும் நாட்டில் இருக்கிறோம். மனித உரிமை மீறல்களை விசாரிக்க 2006இல் அரசாங்கம் நியமித்த உதலாகம ஆணைக்குழு, மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதையும் விசாரித்தது. அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது 2015இல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, நல்ல சட்டம்தான், ஆனால் தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க அதிலேயே இடமும் இருக்கிறது. அதனால் கசிகிற தாளுக்கு இங்கே எப்போதும் வாசகர் உண்டு.

கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பட்ரீசியா புட்டெனிஸ் 2010 ஜனவரி 15இல், ஜனாதிபதித் தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு, வாஷிங்டனுக்கு அனுப்பிய ரகசியத் தந்தியை விக்கிலீக்ஸ் அந்த வருடக் கடைசியில் வெளியிட்டது. சொல்லப்படும் போர்க்குற்றங்கள் பலவற்றுக்கான பொறுப்பு ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ, அவருடைய சகோதரர்கள், முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா உட்பட்ட மேல்மட்டத்திடமே இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். வெளியில் எந்தத் தூதரும் அப்படி வாய் திறந்து பேசமாட்டார். அதற்கு நன்றி.

ஆனால் அதே தந்தியில் இன்னொன்றும் இருந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சந்தித்த தமிழ் அரசியல்வாதிகள், இப்போது இதை அழுத்தினால் எங்களுக்குத்தான் ஆபத்து என்று சொன்னதாக, பெயர்களோடு. ஆள் கடத்தும் வெள்ளை வான் ஓடிய காலத்தில் மூடிய அறைக்குள் சொன்ன பேச்சு அது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அதைப் படித்துவிட்டு ‘துரோகி’ என்பது சுலபம். சரி, அவர்கள் அரசியல்வாதிகள், தாங்கிக்கொள்வார்கள்.

தாங்க முடியாதவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். விக்கிலீக்ஸுக்குக் கசிந்த அமெரிக்கத் தூதரகத் தந்திகளில் சிலருடைய பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கண்டிப்பாகப் பாதுகாக்கவும்’ என்று எழுதியிருக்கும். எழுதிய அதிகாரிக்கே பயம் தெரிந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் இரண்டரை லட்சம் தந்திகளும் அந்தக் குறிப்போடும் பெயரோடும் அப்படியே வெளியே வந்தன. கிரிப்டோம் முதலில் போட்டது, மறுநாள் விக்கிலீக்ஸ். தந்திகள் இருந்த கோப்பின் கடவுச்சொல்லைப் பத்திரிகையாளர்கள் தங்கள் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள், கோப்பு ஏற்கெனவே ஊர் சுற்றுகிறது என்றீர்கள். அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் தேடுபொறியில் போட்டுப் பார்க்கிற மாதிரி அடுக்கிக் கொடுத்தது நீங்கள்தானே?

பெயரைக் கறுப்படித்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இது சின்ன ஊர். ‘இன்ன துறைமுகத்து மீனவர் சங்கத் தலைவர்’, ‘அந்தப் பங்கின் பாதர்’, ‘இடம்பெயர்ந்து வந்த தலைமை ஆசிரியை’ என்றாலே சந்திக் கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். புலனாய்வுக்காரருக்கு அதுவும் தேவையில்லை. அந்த மனிதர் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, எந்த உத்தரவும் போடவில்லை, கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். கட்டளையிட்டவருடைய பெயரையும் சாட்சி சொன்னவருடைய பெயரையும் ஒரே சாக்கில் கட்டி வெளியே கொட்டாதீர்கள்.

அடுத்த முறை எங்கள் பக்கத்துத் தாள் ஏதும் கைக்கு வந்தால், ஏற்றுவதற்கு முன் இந்த மண்ணைத் தெரிந்த, தமிழ் வாசிக்கிற இரண்டு பேரிடம் காட்டுங்கள். எந்த வரியில் ஆள் பிடிபடுவார் என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒரு மாதம் பிந்தினால் பிந்தட்டும், ஒன்பது வருடம் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள்.